சாம்பிள் பாரி

வெடியுப்புச் சாக்குகளை அலசி ஊற்றும் தண்ணீர் போய்த் தேங்குகிற இடத்தில் மட்டும் புல் முழங்கால் உயரம் நின்றது. மாசி வெயிலில் பட்டாசுக் கம்பெனி வளாகம் முழுக்கத் தரை வெடித்துக் கிடக்க, குடோனுக்குப் பின்னால் அந்த ஒரு துண்டு மட்டும் கரும்பச்சையாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் எழில் அதைப் பார்ப்பாள். ஒருநாள் போர்மேன் சங்கிலிமுத்துவிடம் கேட்டே விட்டாள்.

“ஏண்ணே, அங்கன மட்டும் என்ன இம்புட்டுச் செழிப்பு?”

“வெடியுப்புல்ல? பட்டாசுக்குப் போட்டா மருந்து, பயிருக்குப் போட்டா உரம். எங்க தோட்டத்துக்கு ஒரு மூட்டை தூக்கிட்டுப் போகலாம்னுதான் பாக்கேன். வாசல்ல நிக்கிறவன் விடமாட்டேங்கான்” என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் விளையாட்டுக்குச் சொன்ன அந்தப் பேச்சை எழில் மறக்காமல் வைத்துக்கொண்டாள்.

எழிலின் ஊர் வேலாங்குளம். ஆமத்தூர் தாண்டிச் சிவகாசி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அவள் தெருவில் இருப்பவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் மேலத்தெருக்காரர்களின் காடுகளில் களை எடுத்தும் கதிர் அறுத்தும் பிழைத்தவர்கள். இப்போது விடிந்தால் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. பெண்கள் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிறார்கள், ஆண்கள் லோடு ஏற்றப் போகிறார்கள். ஆனாலும் மாசியில் காட்டு அறுப்பு முடிந்ததும் தெருவில் காளியம்மனுக்குப் பொங்கல் வைப்பது மட்டும் நிற்கவில்லை. “ஒரு சென்ட் நெலம் கெடையாது. நாம என்னத்த அறுத்தோம்னு அறுப்புப் பொங்கல் வைக்கிறோம்? பட்டாசுக்குக் காகிதக் குழாய்தான அறுத்தோம்” என்று எழிலின் புருஷன் செழியன் வருஷா வருஷம் சொல்வான். சொல்லிவிட்டு முதல் ஆளாகப் பந்தலுக்குக் குழி தோண்டுவதும் அவன்தான்.

பொங்கலுக்கு முளைப்பாரி போடுவார்கள். நேர்ந்துகொண்ட பெண்கள் ஆளுக்கு ஒரு பானையில் கரம்பை மண்ணும் காய்ந்த சாணித்தூளும் வைக்கோலும் நிரப்பி, தட்டாம்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று தானியங்களைத் தூவி, வெளிச்சம் படாத ஓர் அறையில் கொண்டுபோய் வைப்பார்கள். அதற்குப் பாரி வீடு என்று பெயர். இருட்டில் முளை வெளுத்து நெடுநெடுவென்று எழும்பும். யார் பானை நன்றாக வருகிறதோ அவர்கள் வீட்டுக்கு அது நல்ல வருஷம். தினமும் சாயங்காலம் முளைக்குத் தண்ணீர் தெளித்த பிறகு, பாரி வீட்டு முற்றத்தில் பெண்கள் வட்டமாக நின்று கும்மி கொட்டுவார்கள். பொங்கலன்றைக்குப் பானைகளைத் தலையில் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய், நடுவில் இறக்கி வைத்து, சுற்றிலும் பெரிய கும்மி அடித்து, மறுநாள் கண்மாயில் கரைப்பார்கள். எல்லாவற்றிலும் உயரமான பாரிதான் ஊர்வலத்தில் முன்னால் போகும்.

அந்தத் தெருவில் கும்மிக்குப் பாட்டெடுப்பவள் எழில். அவள் குரல் மேலே ஏறினால் மேலத்தெருவில் டிவி பார்க்கிறவர்கள் சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டும். ஆனால் பாரி என்று வந்தால் எல்லா வருஷமும் மாரிசெல்வியுடையதுதான் உயரம். “பாட்டு எழிலுக்கு, பாரி மாரிசெல்விக்கு” என்று பெண்கள் சொல்வார்கள். எழிலும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மண் சரியில்லையா, விதை சரியில்லையா என்று யோசித்துக்கொண்டு படுத்துக் கிடப்பாள்.

மாரிசெல்வி அந்நியம் இல்லை. செழியனுக்குச் சித்தப்பா மகள். உள்ளூரிலேயே ஊர்க்காவலன் என்கிற லோடுமேனைக் கட்டிக்கொண்டவள். கம்பெனியில் திரி வைக்கிற ஷெட்டில் எழிலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். ஒருத்தி கொண்டுவருகிற சோற்றில் பாதி இன்னொருத்திக்குத்தான் போகும். மாரிசெல்விக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டு தடவையும் கலைந்துபோனது. இரண்டு தடவையும் விருதுநகர் ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்தவள் எழில்தான்.

பாரிக்கு விதை போட்ட வாரம், வேனில் எழிலின் காதுக்குள் வாயை வைத்து அவள் சொன்னாள்: “மதினி, மூணாவது மாசம் நடக்கு. அவுகளுக்கும் ஒங்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணன்கிட்டக்கூடச் சொல்லிராதீக.”

“அடி கள்ளி! இம்புட்டு நாளா மூடி வச்சிருந்தியே.”

“பயமா இருக்கு மதினி. ஆத்தாகிட்ட கேட்டிருக்கேன். இந்தப் பாரி நல்லா வந்துட்டா வயித்துல உள்ளது தங்கிரும்னு அடையாளம் வச்சிருக்கேன். இந்த வருசம் கும்மியில குதிக்க மாட்டேன். சும்மா நடந்துக்கிட்டே கையத் தட்டிக்கிறேன்.”

“ஒன் பாரிக்கு என்னடி? அது எப்பவும் கூரையைத்தான முட்டும்” என்றாள் எழில். சொல்லும்போது அவள் மனசில் சந்தோஷம்தான் இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வேன் திருத்தங்கல் தாண்டுவதற்குள், அப்படியானால் இந்த வருஷமும் அவளுடையதுதான் முன்னால் போகும் என்கிற நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

பாரி வீட்டுக்குப் பொறுப்பு கருப்பம்மாள். விரதம் இருந்து, குளித்து, தலையில் ஈரத்துணியோடு அவள் மட்டும்தான் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த வருஷம் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. “ஏ எழிலு, நீதான் கைச்சுத்தம் உள்ளவ. ஒரு கை குடத்தைப் பிடி” என்று கூப்பிட்டுக்கொண்டாள். மற்ற பெண்களுக்கு வாசல் வரைக்கும்தான் அனுமதி.

வெடியுப்பை எடுத்தது பெரிய காரியமாக இல்லை. சாக்கு உதறுகிற இடத்தில் ஒட்டிக் கிடந்ததை வழித்து, குழாய் சுற்றுகிற தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் சோதிக்கிற அம்மாள் உள்ளே போகிறவர்களிடம்தான் தீப்பெட்டியும் செல்போனும் தேடுவாள். வெளியே வருகிறவர்களை யார் பார்க்கிறார்கள்?

முளை ஒரு சாண் எழும்பியிருந்த சாயங்காலம். தண்ணீர் தெளித்து முடிந்ததும் விளக்குக்கு எண்ணெய் எடுத்துவரக் கருப்பம்மாள் வெளியே போனாள். எழில் பொட்டலத்தைப் பிரித்துச் சொம்புத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள். தன் பானைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து சொம்பைச் சாய்க்கப் போனாள். கை நின்றது.

கம்பெனியில் எந்தச் சரக்கும் நேராகப் பெட்டிக்குப் போகாது. முதலில் ஒன்றை எடுத்துத் தனியாகக் கொண்டுபோய்க் கொளுத்திப் பார்ப்பார்கள். அதற்குச் சாம்பிள் பார்ப்பது என்று பெயர். சாம்பிள் பார்க்காமல் மொத்தச் சரக்கையும் பணயம் வைக்கிற முட்டாள் சிவகாசியில் கிடையாது. பத்து வருஷமாகப் பழகிய பழக்கம் அவள் கையைப் பிடித்து நிறுத்தியது. அவளுடைய பானைக்குப் பக்கத்துப் பானை மாரிசெல்வியுடையது. இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுவந்து சேர்த்து வைத்தவை.

சொம்பு அந்தப் பக்கம் சாய்ந்தது.

நன்றாக வந்தால் அவளுக்கும் நல்லதுதானே என்று எழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை நம்பவும் செய்தாள். கருப்பம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே வந்தபோது, எழில் காலிச் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த நாள் கதவைத் திறந்ததும் கருப்பம்மாள் “ஐயையோ, ஆத்தா!” என்று அலறினாள். மாரிசெல்வியின் பானையில் முளை எல்லாம் நுனி கருகி, அடி அழுகி, பானை விளிம்பில் துவண்டு கிடந்தது. சுற்றிலும் மற்ற பானைகள் ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து நின்றன. எழில் பிடித்திருந்த குடம் சரிந்து பாதித் தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

முற்றத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். வாய்க்குப் பூட்டுப் போடாத வெள்ளத்தாயி முதலில் ஆரம்பித்தாள். “நான் அன்னைக்கே நெனச்சேன். இவ வீட்டுப் பக்கம் கருவாட்டு வாசம் வந்துச்சு.”

“எங்க வீட்டு அடுப்புல விதை போட்ட நாள்ல இருந்து ரசம் தவிர ஒண்ணும் ஏறல சித்தி” என்றாள் மாரிசெல்வி.

“பெறகு ஒன் பானை மட்டும் ஏன் படுத்துச்சு? பக்கத்துல எழிலு பானையப் பாரு, இந்த வருசம் அதுதான் ஒசரம்.”

கருப்பம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் பாரி விஷயத்தில் அவளுக்கு இரக்கம் என்பதே கிடையாது. “தாயி, மனசுல வச்சுக்காத. பட்ட பாரியக் கோயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது. தனியாக் கொண்டுபோய்க் கெணத்துல விட்டுருவோம். நீயும் இந்த வருசம் வட்டத்துல சேராம வெளிய நின்னுக்கோ. எதுக்கு வம்பு?” என்றாள். பிறகு திரும்பி, “பாட்டை எடு எழிலு, பொழுது போகுது” என்றாள்.

எழில் பாட்டை எடுத்தாள்.

“கரம்பமண்ணு கொண்டு வந்து
கம்பும் பயறும் தூவி வச்சோம்
இருட்டு வீட்டுக்குள்ள இருந்து
எட்டிப் பாக்கா பாரியம்மா…”

“தன்னானே தானன்னே” என்று வட்டம் குனிந்து கை தட்டியது, நிமிர்ந்து தட்டியது, ஒரு அடி நகர்ந்து தட்டியது. மாரிசெல்வி வேப்பமரத்தடியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வட்டம் சுற்றச் சுற்ற எழிலுக்கு அவள் முகம் வந்து வந்து போனது. இத்தனை வருஷம் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஊர்வலத்தில் எழிலின் பாரிதான் முன்னால். இரண்டு பேர் அதை அவளிடம் வந்து சொல்லிவிட்டும் போனார்கள். எழில் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த அடியைப் பாடினாள்.

வீட்டுக்கு வந்ததும் செழியனிடம் சொன்னாள். பானையைப் பற்றி மட்டும்தான். அவன் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தபடி அவளையே பார்த்தான்.

“ஏ எழிலு, ஒனக்குப் புத்தி கித்தி பெசகிருச்சா? கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும். ரெண்டுல எது வேணும்?”

“ஒங்க தங்கச்சிங்க.”

“அதான் சொல்றேன். பானைதான போச்சு? ஒரு வாரத்துல அவளே மறந்துருவா. அடுத்த வருசம் ரெண்டு பானை வச்சுக்கிடட்டும். நீ வாயப் பொத்திக்கிட்டு இரு.”

பானைதான் போனது என்று அவன் சொன்னதில் தப்பில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் கம்பெனியில் மாரிசெல்வி எப்போதும்போலப் பக்கத்தில் உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. எழில் தன் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“ரெண்டு வாய் சாப்பிடு செல்வி. வயித்துல ஒண்ணு கெடக்குல்ல.”

“எறங்கல மதினி.” பாத்திரத்தைத் திருப்பித் தள்ளி வைத்துவிட்டு, “நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். பொங்கலன்னைக்குக் காலையில இருக்கன்குடி போறேன். ஆத்துல முங்கிட்டு, ஈரச் சேலையோட கோயிலைச் சுத்தி உருண்டு குடுத்துட்டு வரப் போறேன்” என்றாள்.

“வயித்தோடயா?”

“வயித்துக்காகத்தான்.”

“அடிப் பாவி, டாக்டரம்மா குனிஞ்சு நிமிரவே கூடாதுன்னு சொல்லியிருப்பாகளே!”

“சொன்னாக. போன ரெண்டு தடவையும் டாக்டரம்மா சொன்னத எல்லாம்தான் கேட்டேன். என்ன ஆச்சு?” மாரிசெல்வியின் கண் நிறைந்துவிட்டது. “அப்பல்லாம் ஆத்தா எதுவும் காட்டல மதினி. போயிருச்சு. இந்தத் தடவ முன்னாடியே காட்டிட்டா. எதாச்சும் செய்யச் சொல்லித்தான காட்டுறா? பாத்துக்கிட்டு சும்மா இருந்தா நான் தாயா?”

“எலி கிலி கடிச்சிருக்கும்டி.”

“எலி கடிச்சா தின்னுட்டுப் போகும். இது வேரோட வெந்து கெடக்கு. கெணத்துல விடும்போது கையால தொட்டுப் பாத்தேன்.”

எழில் எழுந்தாள். கையைக் கழுவப் போகிற வழியில் குடோனுக்குப் பின்னால் அந்தப் புல் நின்றது. வருஷக்கணக்கில் மழையோடு மண்ணோடு கரைந்து, சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீரில் வளர்ந்த புல். அவள் ஒரு பொட்டலத்தை அப்படியே ஒரு சின்னப் பானையில் ஊற்றியிருக்கிறாள். இது அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றாததால்தான் சாம்பிள் பார்த்தேன் என்று ஒரு நொடி சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொன்னதும் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. சரியாகத் தெரியாது என்றுதானே தன் பானையில் போடவில்லை? அந்தச் சந்தேகம் அப்போதே இருந்ததுதானே?

பொங்கலன்றைக்குக் காலையில் தெருவெல்லாம் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். ரேடியோ செட்டில் அம்மன் பாட்டு போட்டாகிவிட்டது. மாரிசெல்வி வீடு பூட்டியிருந்தது. ஊர்க்காவலன் லோடோடு வெளியூர் போனவன் இன்னும் திரும்பவில்லை. எழில் பாதி அரைத்த சட்னியை அப்படியே போட்டுவிட்டு மெயின்ரோட்டுக்கு ஓடினாள்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு மஞ்சள் பையோடு மாரிசெல்வி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன மதினி, இப்பிடி இரைக்க இரைக்க வாரீக? நீங்களும் வாரீகளா?”

“நீ போகாத செல்வி.”

“அதான் பேசியாச்சே. சாத்தூர் போய் மாறிப் போகணும். சாயங்காலம் கும்மிக்குள்ள வந்துருவேன். வராட்டியும் என்ன? வெளிய நிக்கிறவ எப்ப வந்தா என்ன.”

“ஒன் பானை சாமி குத்தத்துல போகல.”

“பின்ன?”

“நான்தான் போட்டேன். வெடியுப்பு. தண்ணியில கலந்து ஊத்துனேன்.”

மாரிசெல்வி சிரிக்கப் போனவள், எழிலின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“எம்புட்டு?” என்று கேட்டாள்.

“ரெண்டு கை இருக்கும்.”

“ஒரு பானைக்கா?”

“வளரும்னு நெனச்சேன்டி. குடோனுக்குப் பின்னாடி புல்லு இருக்குல்ல, அதப் பாத்துட்டு…”

“எல்லாப் பானையிலயுமா ஊத்துனீக?”

“இல்ல.”

“ஒங்க பானையில?”

“ஊத்தல.”

“ஏன்?”

தூரத்தில் விருதுநகர் பஸ் வருவது தெரிந்தது. அதற்குள் தீர்ந்துபோச்சு, கருப்பம்மா அத்தை வந்துட்டாக என்று சொல்ல எழிலுக்கு இரண்டு பொய்கள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. எது சொன்னாலும் மாரிசெல்வி நம்பியிருப்பாள். நம்புகிறவள் என்பதால்தான் எழிலால் சொல்ல முடியவில்லை.

“ஒன்னுதுல போட்டு எப்பிடி வருதுன்னு பாத்துட்டு, பெறகு என்னுதுல போடலாம்னு…”

“சாம்பிளா?” என்றாள் மாரிசெல்வி.

எழில் தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, “ஏறுறீகளா, வழியனுப்ப வந்தீகளா? சீக்கிரம் சொல்லுங்கத்தா” என்றார். மாரிசெல்வி கையை மட்டும் ஆட்டினாள். பஸ் போய்விட்டது. அவள் அப்படியே கிலோமீட்டர் கல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் தோள் குலுங்கியது.

“அப்ப ஆத்தா எதுவும் சொல்லல.”

“சொல்லல.”

“வெறும் உப்பு.”

“வெறும் உப்புதான் செல்வி. ஒன் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது.”

“அத நீங்க சொல்லாதீக.”

அந்த மூன்று வார்த்தைக்கு எழில் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். மாரிசெல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

“நான் அடையாளம் வச்சிருந்தேன்னு தெரியும்ல ஒங்களுக்கு? வேன்ல வச்சு ஒங்க காதுலதான சொன்னேன்?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் ஊத்துனீக.” அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. “சரி. என்கிட்ட சொன்னா பத்தாது. நான் விரதத்தை மீறிக் கருவாடு தின்னேன்னு தெருவே பேசுது. கருப்பம்மா பெரியம்மைட்ட, அத்தனை பொம்பளைக முன்னாடியும் சொல்லணும்.”

“சொல்றேன். கம்பெனியில மட்டும்…”

“வேலை போனா போகட்டும். எனக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கல.” இரண்டு அடி நடந்தவள் திரும்பி நின்றாள். “வயித்து விசயம் மட்டும் வெளிய வரக் கூடாது. அத நான் சொல்றப்பச் சொல்லிக்கிடுவேன்.”

அவள் முன்னால் நடந்தாள். எழில் பின்னால் நடந்தாள். வழக்கமாக இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் ஊர் வருவதே தெரியாது. அன்றைக்கு அந்த மண்பாதை முழுவதும் மாரிசெல்வி ஒருமுறைகூட “மதினி” என்று கூப்பிடவில்லை.

சாயங்காலம் பாரி எடுக்கப் பெண்கள் எல்லாரும் குளித்து மஞ்சள் பூசி முற்றத்தில் வந்து நின்றார்கள். கொட்டுக்காரர்கள் தெருமுனையில் மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். செழியன் பந்தலடியிலிருந்து எழிலையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். எழில் கருப்பம்மாளுக்கு முன்னால் போய் நின்று, எடுத்தது, கலக்கியது, யார் பானையில் ஊற்றினாள், ஏன் தன்னுடையதில் ஊற்றவில்லை என்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். வயிற்று விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

வெள்ளத்தாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். “வெடியுப்பா! அடி சண்டாளி, உள்ளுக்குள்ள வெளக்கு வேற எரிஞ்சுச்சே. பாரியோட நாங்களும்ல மேல போயிருப்போம்!”

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். கருப்பம்மாள் சிரிக்கவில்லை.

“எங்காலு வீங்கிருச்சுன்னு ஒன்னைய நம்பி உள்ள விட்டேன்” என்றாள். “கைச்சுத்தம் உள்ளவன்னு சொன்னேன். சொன்ன வாய எங்க கொண்டுபோய்க் கழுவ?”

அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று எழில் நின்றாள்.

கருப்பம்மாள் மாரிசெல்வியின் பக்கம் திரும்பினாள். “தாயி, ஒன் பானையக் கெணத்துல விடச் சொன்னவ நான். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு. எழிலு பானைய நீ தூக்குறியா? அதான் இப்ப ஒசரம்.”

“எனக்கு அது வேண்டாம் பெரியம்மா” என்றாள் மாரிசெல்வி. “வெறும் பானை ஒண்ணு குடுங்க. மண்ணும் விதையும் போட்டு நான் பாட்டுக்குத் தூக்கிட்டு வாரேன். முளைக்கிறப்ப முளைக்கட்டும்.”

அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். “இனிமே உண்டு” என்று கருப்பம்மாள் முடித்துவிட்டாள். எழிலின் பானையை வெள்ளத்தாயியின் மருமகள் தூக்கினாள். அது முன்னால் போகவில்லை. நடுவில் ஒன்றாகப் போனது.

கோயில் வாசலில் பானைகளை இறக்கி வைத்து வட்டம் கட்டினார்கள். பாட்டெடுக்க வேண்டிய நேரம் வந்ததும் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முழுப் பாட்டும் எழிலைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

“பாடு” என்றாள் கருப்பம்மாள். “வட்டத்துக்குள்ள வராத. கையும் தட்டாத. அங்கன செவுத்தோரம் நின்னு பாடு.”

எழில் கோயில் சுவரோரம் போய் நின்றாள். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து கை தட்டாமல் அவள் கும்மி பாடியதில்லை. தாளம் பிடிபடாமல் முதல் அடியே இடறியது. பிறகு வட்டத்தின் தட்டலைக் கேட்டுக் கேட்டுப் பாட்டை அதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

எல்லாரும் குதித்து ஆடுகையில் மாரிசெல்வி மட்டும் தரையைவிட்டுக் கால் எழும்பாமல் நடந்து நடந்து தட்டினாள். “என்னடி, நீ மட்டும் கெழவி மாதிரி நடக்க?” என்றாள் வெள்ளத்தாயி. “கால் வலி சித்தி” என்றாள் அவள். ஒவ்வொரு சுற்றிலும் சுவர்ப்பக்கம் வரும்போது எழிலைக் கடந்து போனாள். பார்க்கவில்லை.

கடைசியில் வீட்டுப் பேர் சொல்லிப் பாட வேண்டும். பாரி தூக்கிய ஒவ்வொருத்தியின் பேரையும் சொல்லி, அவள் பாரியின் உயரத்தை மெச்சிப் பாடினால், வட்டம் அதை வாங்கித் திருப்பிப் பாடும்.

“கருப்பம்மா வீட்டுப் பாரி
கதவு ஒசரம் நிக்கிதுன்னு…
வெள்ளத்தாயி வீட்டுப் பாரி
வேலி தாண்டிப் பாக்குதுன்னு…”

எழில் ஒவ்வொன்றாகப் பாடி வந்தாள். தன் பேரை விட்டுவிட்டாள். யாரும் கேட்கவில்லை. அடுத்தது மாரிசெல்வி. மாடம் தொட்டு நிக்கிதுன்னு என்றுதான் வருஷா வருஷம் பாடுவாள். இப்போது வட்டத்தின் நடுவில் மாரிசெல்வியின் பானையில் ஈரமண் மட்டும்தான் இருந்தது. எழிலுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. தட்டத் தூக்கிய கைகள் எல்லாம் அப்படியே நின்றன. கொட்டுக்காரர் ஒருதடவை தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“என்ன, தொண்டையில வெடியுப்பு அடைச்சுக்கிருச்சா?” என்றாள் வெள்ளத்தாயி. வட்டம் கொல்லென்று சிரித்தது.

மாரிசெல்வி சிரிக்கவில்லை. அவள் பானையைப் பார்த்தபடியே, “எம் பேரு மறந்துபோச்சா? பாடுங்க. ரொம்ப நேரம் நிக்க முடியல எனக்கு” என்றாள்.

எழில் மூச்சை இழுத்துக்கொண்டு பாடினாள். உயரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாததால் பேரை மட்டும் பாடினாள்.

“மாரிசெல்வி வீட்டுப் பாரி
மாரிசெல்வி வீட்டுப் பாரி…”

“தன்னானே தானன்னே” என்று பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். வட்டம் மறுபடியும் நகர்ந்தது. மாரிசெல்வி கடந்து போகும்போது எழில் அவள் கால்களையே பார்த்துக்கொண்டு, அவள் நடைக்குத் தோதாகப் பாட்டைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.